இரண்டாவது மாத்திரை வந்த பிறகு

கார்பமசெபின் ஒரு நாளைக்கு 1000 மி.கி. போய்க்கொண்டிருக்கிறது. வலிப்பு குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. மருத்துவர் லாமோட்ரிஜினைச் சேர்க்கிறார். சில வாரங்கள் கழித்து அதன் டோஸ் ஓரளவுக்கு ஏறியதும், காலை மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் எதிரே நிற்பவருக்கு இரண்டு முகம் தெரிகிறது. படி இறங்கக் கைப்பிடி தேவைப்படுகிறது. வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "புது மாத்திரை ஒத்துக்கல." அதை நிறுத்துகிறார்கள், தலைசுற்றலும் நிற்கிறது, பழி உறுதியாகிவிடுகிறது.

பல சமயம் அங்கே செய்து பார்த்திருக்க வேண்டியது வேறு. புதியதை அப்படியே விட்டுவிட்டு, பழைய கார்பமசெபினில் 200 மி.கி. குறைத்திருக்கலாம். இரண்டு மருந்துமே நரம்பணுவின் சோடியம் வாயிலை அடைப்பவை. தனித்தனியாக இரண்டையும் உடம்பு தாங்கும். சேர்த்துப் போட்டால்தான் மொத்தம் அளவு மீறுகிறது. கூட்டு மருந்தில் வரும் பக்கவிளைவுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். அந்த ஜோடி, அந்த அளவு, அந்த நேரம் மூன்றும் சேர்ந்து உண்டாக்குவது அது. எந்த மாத்திரை குற்றவாளி என்று தேடினால் பாதி விடைதான் கிடைக்கும்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே கட்டுப்பட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் முழுதாக நிற்பதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்து, போதிய அளவில் கொடுத்து, உடம்பும் தாங்கிக்கொண்ட இரண்டு மருந்துகள் பலன் தராவிட்டால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று கொள்ளலாம் என 2010இல் வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் வரையறுத்தது. அறுவை சிகிச்சைக்கான பரிசோதனைகளை அந்தக் கட்டத்தில் தொடங்க வேண்டும். இந்த வரையறையில் 'உடம்பு தாங்கிக்கொண்ட' என்பது முக்கியம். பக்கவிளைவால் பாதியில் விட்ட மருந்து அந்த இரண்டில் சேராது. அவசரப்பட்டு ஒரு மருந்தைக் கைவிடுவது அடுத்த முடிவுகளையும் குழப்புகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் எந்த மாற்றத்தையும் தானாகச் செய்துகொள்ளக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத தொடர் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மருத்துவரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதற்காகத்தான் இத்தனை விவரமும்.

கல்லீரலில் ஒன்று, மூளையில் ஒன்று

இரண்டு வலிப்பு மருந்துகள் ஒன்றையொன்று பாதிப்பது இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது கல்லீரல். கார்பமசெபின், ஃபெனிட்டோயின், ஃபெனோபார்பிட்டால், பிரிமிடோன் ஆகியவை மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகம் உற்பத்தி செய்யவைக்கும். கூட இருக்கும் மருந்தின் ரத்த அளவு இறங்கும். வால்ப்ரோயேட் நேர்மாறு, நொதிகளைத் தடுத்து, கூட இருப்பதன் அளவை ஏற்றும். இரண்டாவது இடம் மூளை. அங்கே ரத்த அளவு எதுவும் மாறாது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகளின் விளைவு கூடிப்போகும், அவ்வளவுதான்.

முதல் வகை ரத்தப் பரிசோதனையில் தெரியும், இரண்டாவது தெரியாது. 'ரெண்டு லெவலும் நார்மல்' என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு, தள்ளாடுகிற ஆளிடம் "மாத்திரையால இருக்காது" என்று சொல்வது தவறு. கூட்டு மருந்து எடுப்பவருக்கு ஒவ்வொரு மருந்தும் அதன் எல்லைக்குள் இருப்பது போதாது. அந்த எல்லைகள் பெரும்பாலும் ஒரே மருந்து எடுப்பவர்களை வைத்துப் போட்டவை.

கல்லீரல் வகைக்கும் நேரக் கணக்கு உண்டு. தடுப்பது சீக்கிரம் நடக்கும். வால்ப்ரோயேட் தொடங்கிய சில நாட்களிலேயே மற்றதன் அளவு ஏற ஆரம்பிக்கும். தூண்டுவது மெதுவாக நடக்கும். புது நொதி உருவாக வேண்டும் என்பதால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கார்பமசெபின் தன்னைத் தானே சிதைக்கும் வேகத்தையும் இப்படிக் கூட்டிக்கொள்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் அது நிலைக்கு வரும். முதல் வாரத்தில் மயக்கமாக இருந்தவர் ஐந்தாம் வாரத்தில் தெளிவாக இருப்பதும், முதல் மாதம் அடங்கியிருந்த வலிப்பு இரண்டாம் மாதம் எட்டிப்பார்ப்பதும் இதனால்தான்.

வால்ப்ரோயேட்டும் லாமோட்ரிஜினும்

இந்த ஜோடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்ந்து நன்றாக வேலை செய்வது என்று பல நரம்பியல் மருத்துவர்கள் நம்பிப் பயன்படுத்தும் கூட்டு இது. தொடங்கும் விதத்தில் தவறினால் மிக ஆபத்தாகவும் முடியக்கூடியது.

லாமோட்ரிஜின் தனியாக இருந்தால் அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 25 முதல் 33 மணி. வால்ப்ரோயேட் கூட இருந்தால் அது 60 மணியைத் தொடும். கார்பமசெபின் போன்ற நொதி தூண்டி கூட இருந்தால் சுமார் 14 மணிக்கு இறங்கிவிடும். ஆகவே பெரியவர்களுக்கு ஒரே மருந்தைத் தொடங்க மூன்று வெவ்வேறு கணக்குகள் உண்டு. தனியாக இருந்தால் முதல் இரண்டு வாரம் தினம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் தினம் 50. வால்ப்ரோயேட் இருந்தால் முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் தினம் 25. வால்ப்ரோயேட் இல்லாமல் நொதி தூண்டி இருந்தால் முதல் இரண்டு வாரம் தினம் 50, அடுத்த இரண்டு வாரம் தினம் 100, இரண்டு வேளையாகப் பிரித்து. மருந்துச் சீட்டில் 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்று இருப்பதைப் பார்த்து, எழுத்துப் பிழை என்று நினைத்துத் தினமும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

காரணம், தோல் தடிப்பு. வேகமாக ஏற்றினாலும், வால்ப்ரோயேட் கூட இருந்தாலும், ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்குறி என்ற கடுமையான தோல் எதிர்வினைக்கு வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் வரும். அந்தக் காலத்தில் புது சோப்பு, புது முகப்பூச்சு எதையும் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் எதனால் தடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தடிப்பு எதுவானாலும் அன்றைக்கே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, நெறிகட்டுதல், தோலைத் தொட்டால் வலி, இவற்றில் ஒன்று கூட வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கார்பமசெபினுக்கும் இந்த ஆபத்து உண்டு. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை இருந்தால் அது பல மடங்கு கூடும். ஆசிய வம்சாவளியினர் பலரிடம் அந்த வகை காணப்படுவதால், தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி.

இன்னொரு ஓட்டை: ஏதோ காரணத்தால் லாமோட்ரிஜின் பல நாட்கள் விட்டுப்போயிருந்தால், பழைய முழு அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. ஐந்து அரை ஆயுளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் மேலே சொன்ன தொடக்கக் கணக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லாமோட்ரிஜினைத் தனியாக எடுப்பவருக்கு இது ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். நொதி தூண்டி கூட எடுப்பவருக்கு மூன்று நாளிலேயே அந்த எல்லை தாண்டிவிடும்.

இந்த ஜோடியில் அன்றாடத் தொல்லை கை நடுக்கம். வால்ப்ரோயேட் தனியாகவே நடுக்கம் தரும். லாமோட்ரிஜின் சேர்ந்தால் கூடும். கையெழுத்து கோணும், டம்ளர் தளும்பும். இதற்கு நடுக்க மாத்திரை என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும் முன், வால்ப்ரோயேட்டைக் குறைக்க இடமிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இங்கே உதவும் ஒரு நுட்பம் இருக்கிறது. லாமோட்ரிஜினைச் சிதைக்கும் நொதியை வால்ப்ரோயேட் தடுப்பது குறைந்த அளவிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.கி. இருந்தாலே முழுத் தடுப்பும் கிடைக்கும். ஆகவே 1500லிருந்து 750க்குக் குறைத்தாலும் லாமோட்ரிஜின் அளவு பெரிதாக மாறாது. நடுக்கம், எடை, முடி உதிர்தல் மட்டும் குறையக்கூடும். ஆனால் 500க்குக் கீழே போய்ப் பூஜ்யத்தை நெருங்கும்போது லாமோட்ரிஜின் அளவு சரசரவென்று பாதியாகும். வலிப்பு திரும்புவது அந்தக் கடைசிப் படிகளில்தான்.

கடிகாரத்தைப் பார்ப்பது

பக்கவிளைவு எத்தனை மணிக்கு வருகிறது என்பது அது என்ன என்பதைவிடப் பல சமயம் அதிகம் சொல்லும். மாத்திரை போட்ட ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் இரட்டைப் பார்வை, தலைசுற்றல், தள்ளாட்டம் வந்து, பிறகு தானாக விலகினால் அது உச்ச அளவுப் பிரச்சினை. நாள் முழுக்க ஒரே சீராக மந்தமாக இருந்தால் மொத்த அளவு கூடிப்போயிருக்கலாம். அடுத்த வேளைக்குச் சற்று முன்புதான் தொல்லை என்றால் அது பக்கவிளைவே அல்லாமல், மருந்து இறங்கியதால் வந்த சிறு வலிப்பாகவும் இருக்கலாம்.

உச்ச அளவுப் பிரச்சினைக்கு டோஸைக் குறைக்காமலேயே வழிகள் இருக்கின்றன. சாதாரணக் கார்பமசெபினுக்குப் பதிலாக மெதுவாகக் கரையும் வகைக்கு மாறலாம். இரண்டு வேளையை மூன்றாகப் பிரிக்கலாம். ஒரே நேரத்தில் விழுங்கும் இரண்டு மருந்துகளுக்கு இடையே இரண்டு மணி நேரம் விடலாம். லாக்கோசமைடும் கார்பமசெபினும் சேர்ந்து எடுப்பவர்களுக்கு இது மட்டுமே போதுமானதாக இருப்பதுண்டு. காலை டோஸைச் சிறிதாக்கி இரவு டோஸைப் பெரிதாக்கலாம். உணவோடு எடுத்தால் உச்சம் சற்றுத் தாழும். இவையெல்லாம் பத்தாவிட்டால்தான் அளவைக் குறைப்பது, அதிலும் பழைய சோடியம் வாயில் மருந்தை முதலில். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தோ மென்றோ எடுத்தால் முழு அளவும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும். விழுங்க முடியவில்லை என்றால் சிரப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். உரலில் இடிக்க வேண்டாம்.

கார்பமசெபினும் வால்ப்ரோயேட்டும் சேர்ந்தால் ஒரு மறைவான சிக்கல் வரும். கார்பமசெபின் உடைந்து எபாக்சைடு என்ற பொருளாகிறது. அதற்கும் மருந்துக் குணமும் நச்சுக் குணமும் உண்டு. வால்ப்ரோயேட் அந்த எபாக்சைடு கழிவதைத் தடுக்கிறது. ரத்தத்தில் கார்பமசெபின் 4 முதல் 12 மைக்ரோகிராம் என்ற வழக்கமான எல்லைக்குள் நன்றாக இருக்கும். ஆள் மட்டும் வாந்தியும் தள்ளாட்டமுமாக இருப்பார். எபாக்சைடைத் தனியாக அளக்கச் சொன்னால்தான் தெரியும். எல்லா ஆய்வகத்திலும் அது செய்ய மாட்டார்கள். அப்படியானால் அறிகுறியை நம்பிக் கார்பமசெபினைக் குறைப்பதே முறை.

ஃபெனிட்டோயினுக்குக் கணக்கே வேறு. அதைச் சிதைக்கும் நொதி ஓரளவுக்கு மேல் தாங்காது. நிரம்பிய குடத்தில் இன்னொரு செம்பு ஊற்றுவது மாதிரி, அதன் பிறகு சேர்ப்பதெல்லாம் வழியும். 300 மி.கி.யில் சரியாக இருந்தவருக்கு 400 ஆக்கினால் ரத்த அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை. இரண்டு மடங்கையும் தாண்டலாம். அதனால்தான் மேல் எல்லையை நெருங்கியவருக்கு 25, 30 மி.கி. படிகளில் ஏற்றுவார்கள். வழக்கமான எல்லை 10 முதல் 20 மைக்ரோகிராம். 20ஐத் தாண்டினால் கண் விழி ஓரத்தில் துள்ளும், 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும், 40ஐத் தாண்டினால் ஆள் சோர்ந்து குழம்பிப்போவார். இது தோராயமான படிக்கட்டு; கூட்டு மருந்தில் எல்லாமே முன்னதாக வரும். வால்ப்ரோயேட் கூட இருந்தால் அது ஃபெனிட்டோயினை ரத்தப் புரதத்திலிருந்து தள்ளிவிடும். மொத்த அளவு குறைவாகத் தெரியும், புரதத்தோடு ஒட்டாமல் வேலை செய்யும் தனி அளவு அதிகமாக இருக்கும். அந்த அறிக்கையைப் பார்த்து டோஸை ஏற்றினால் நச்சாகிவிடும். ஆல்புமின் என்ற அந்த ரத்தப் புரதம் குறைந்தவர்களுக்கும் இதே கதைதான்.

தூக்கம், கோபம், மறதி

தூக்கக் கலக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டிய ஜோடி வால்ப்ரோயேட்டும் ஃபெனோபார்பிட்டாலும். வால்ப்ரோயேட் சேர்ந்ததும் ஃபெனோபார்பிட்டால் அளவு கணிசமாக ஏறும். அரை ஆயுள் நீளமான மருந்து என்பதால் வாரக்கணக்கில் மெல்ல ஏறி, யாருக்கும் தெரியாமல் ஆளைச் சாய்க்கும். ஃபெனோபார்பிட்டாலை முன்கூட்டியே குறைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். அடுத்தது க்ளோபசாம். அது உடைந்து உண்டாகும் பொருளுக்கு அரை ஆயுள் மூன்று நாளைத் தொடும். கன்னாபிடியால் சேர்த்தால் அந்தப் பொருளின் அளவு மூன்று மடங்கு வரை ஏறலாம், செனோபமேட்டும் ஏற்றும். குழந்தைகளிடம் இது எச்சில் வடிதலாகவும் நாள் முழுக்கத் தூங்குவதாகவும் தெரியும். இங்கேயும் குறைக்க வேண்டியது பழைய க்ளோபசாமைத்தான்.

வால்ப்ரோயேட் எடுப்பவர் மந்தமாகிறார், வாந்தி எடுக்கிறார், பேச்சு குழறுகிறது, கல்லீரல் பரிசோதனை மட்டும் சரியாக இருக்கிறது என்றால் ரத்தத்தில் அம்மோனியா பார்க்க வேண்டும். டோபிராமேட் கூட இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். ரத்தம் எடுத்த குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் அம்மோனியா தானாகவே ஏறிப் பொய்யான விடை வரும். இதை 'மாத்திரை அசதி' என்று வீட்டில் விட்டுவைப்பது ஆபத்து.

கோபத்தைப் பற்றி நோயாளியைவிட வீட்டார்தான் சரியாகச் சொல்வார்கள். லெவெடிராசெட்டம் மற்ற மருந்துகளின் ரத்த அளவோடு அவ்வளவாக மோதாது. அதனால் 'எதோடும் சேரும் மருந்து' என்று பெயர் எடுத்தது. ஆனால் எரிச்சல், அழுகை, வெடுக்கென்ற பேச்சு இதில் சகஜம், பெரும்பாலும் தொடங்கிய முதல் வாரங்களில். பெராம்பனலும் கோபத்துக்குப் பேர்போனது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தால் வீட்டில் ஒருவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பெராம்பனல் படுக்கும் நேரத்து மாத்திரை. பகலில் போட்டால் தலைசுற்றி விழவைக்கும். அதன் அரை ஆயுள் நூறு மணிக்கு மேல். கார்பமசெபின் அதன் அளவை மூன்றில் ஒரு பங்காக்கிவிடும். எனவே கார்பமசெபினை நிறுத்தினால், பெராம்பனல் டோஸ் மாறாமலேயே சில வாரத்தில் அளவு ஏறி, கோபம் 'எங்கிருந்தோ' வரும். லெவெடிராசெட்டம் கோபத்துக்கு பி6 வைட்டமின் பலரும் முயல்வது, ஆதாரம் மெலிது. அளவாக முயன்று பார்க்கலாம், ஆனால் அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் பி6 நரம்பையே கெடுக்கும்.

தற்கொலை எண்ணம் தனி விஷயம். வலிப்பு மருந்துகள் எல்லாவற்றுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இந்த எச்சரிக்கையைச் சேர்த்தது. கூடுதல் ஆபத்து சிறியது. ஆனாலும் அப்படி ஒரு எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லி, மருத்துவரை அழைக்க வேண்டும்.

மறதிக்கு வரும்போது டோபிராமேட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது தருவது மறதியைவிடச் சொல் தட்டுப்படாமை. தெரிந்த பெயர், நாக்கு நுனியில் நிற்கும், வராது. பேசிப் பிழைக்கிற வேலையில் இருப்பவருக்கு இது வேலையையே பாதிக்கும். வாரத்துக்கு 25 மி.கி.க்கு மேல் ஏற்றாமல் போனால் குறையும். சிலருக்கு எவ்வளவு மெதுவாகப் போனாலும் போகாது, அவர்களுக்கு அது ஏற்ற மருந்து இல்லை. விரல் நுனி மரத்துக் குறுகுறுப்பதும் அதன் வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. திடீர்க் கண் வலி, பார்வை மங்கல் வந்தால் மட்டும் அது கண் அழுத்தமாக இருக்கலாம், அதே நாளில் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லா மறதியையும் மாத்திரை தலையில் கட்டவும் கூடாது. இரவில் நடக்கும் கவனிக்கப்படாத வலிப்பும், மனச்சோர்வும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கமும் இதே போலத்தான் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. டோபிராமேட், ஸோனிசமைடு இரண்டும் சிறுநீரகக் கல்லுக்கு இடம் கொடுப்பவை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துத் தராமல் இருப்பதே நல்லது. ஆக்ஸ்கார்பசெபின், கார்பமசெபின் இரண்டும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைப்பவை, முக்கியமாக ஆக்ஸ்கார்பசெபின். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் சோடியம் இன்னும் இறங்கும். டோபிராமேட்டும் ஆக்ஸ்கார்பசெபினும் சேர்ந்து எடுப்பவர் 'எவ்வளவு லிட்டர்' என்று எண்ணிக்கையாகவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான நீர்ப்பெருக்கி மாத்திரையும் எடுப்பவர்கள், வயதானவர்கள், முதல் மூன்று மாதத்தில் சோடியத்தை ஒன்றிரண்டு முறை பார்ப்பது வழக்கம். தலைவலி, குமட்டல், குழப்பம், காரணமில்லாமல் கூடும் வலிப்பு ஆகியவை அது இறங்கியதற்கான அடையாளங்கள். அந்த வலிப்பைப் பார்த்து ஆக்ஸ்கார்பசெபினை ஏற்றினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுதி எடுத்துப்போவது

மருத்துவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் பெரும்பாலோர் வலிப்பைப் பற்றி மட்டும் சொல்வார்கள். லிவர்பூல் பக்கவிளைவு அட்டவணை என்று ஒன்று உண்டு. தள்ளாட்டம், அசதி, எரிச்சல், தலைவலி, முடி, தோல், பார்வை, வயிறு, கவனம், ஈறு, நடுக்கம், எடை, தூக்கம், மனச்சோர்வு, மறதி என 19 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 19க்கும் 76க்கும் இடையில் வரும். 45ஐத் தொட்டால் மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டிய அளவு என்று கொள்வார்கள். ஒவ்வொரு மருந்து மாற்றத்துக்கும் முன்பு ஒரு முறை, மாற்றி ஆறு வாரம் கழித்து ஒரு முறை போட்டுவைத்தால், வாய்ப்பேச்சைவிட அது கனமான சாட்சி.

தினக் குறிப்புக்கு நான்கு கட்டம் போதும்: மாத்திரை போட்ட மணி, தொல்லை வந்த மணி, எவ்வளவு நேரம் நீடித்தது, வலிப்பு. மாதக்கணக்கில் எழுத வேண்டாம். டோஸ் மாறிய பிறகு இரண்டு மூன்று வாரம் எழுதினால் வடிவம் தெரிந்துவிடும். கடைக்காரர் வேறு நிறுவனத்து மாத்திரை கொடுத்தால் அந்தத் தேதியையும் குறிக்க வேண்டும். ஃபெனிட்டோயின், கார்பமசெபின் எடுப்பவர்களுக்கு இது அற்பமான விஷயமில்லை.

மொத்தச் சுமையைக் கணக்கிட எளிய வழி ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சராசரித் தினசரி அளவை வகுத்திருக்கிறது: கார்பமசெபின் 1000 மி.கி., வால்ப்ரோயேட் 1500, லெவெடிராசெட்டம் 1500, லாமோட்ரிஜின் 300, ஃபெனிட்டோயின் 300, டோபிராமேட் 300, ஃபெனோபார்பிட்டால் 100, க்ளோபசாம் 20. நீங்கள் எடுப்பதை இதால் வகுத்துக் கூட்டுங்கள். கார்பமசெபின் 1200, வால்ப்ரோயேட் 1500, க்ளோபசாம் 10 என்றால் 1.2, 1.0, 0.5, மொத்தம் 2.7. வால்ப்ரோயேட் 750, லாமோட்ரிஜின் 150 என்றால் மொத்தமே 1.0, அதாவது 1200 கார்பமசெபினைத் தனியாக எடுப்பதைவிடக் குறைவு. மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே போதும். ஆனால் இந்தக் கணக்கு ஒரு மருந்தின் அளவை இன்னொன்று ஏற்றி இறக்குவதைப் பார்க்காது. வால்ப்ரோயேட்டோடு எடுக்கும் 150 லாமோட்ரிஜின் உடம்புக்கு ஏறக்குறைய 300தான். பேச்சைத் தொடங்க உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

ரத்த அளவு பார்க்கப் போகும் அன்று காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே போட்டுக்கொள்வது பொது விதி. மாத்திரைக்கு முந்தைய தாழ்ந்த அளவுதான் எல்லைகளோடு ஒப்பிடத் தக்கது. விதிவிலக்கு உச்ச நேரத் தொல்லை: தலைசுற்றும்போதே ரத்தம் எடுத்தால்தான் அது பிடிபடும். எடுத்த மணியையும் கடைசி டோஸ் மணியையும் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அது இல்லாத எண்ணுக்குப் பொருளில்லை.

வேறு மருத்துவர்கள் எழுதும் மருந்துகள்

பல மாதம் நன்றாக ஓடிய கூட்டு ஒரு வாரத்தில் கலைவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த மருந்தால். சளிக்கும் தொண்டைக்கும் கிளாரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் எழுதினால் கார்பமசெபின் சில நாளிலேயே நச்சு அளவுக்கு ஏறலாம். அஸித்ரோமைசினால் அந்தத் தொல்லை குறைவு. பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோலும் காசநோய்க்கான ஐசோனியசிடும் ஃபெனிட்டோயினை ஏற்றும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மெரோபெனம் வகை ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் வால்ப்ரோயேட் அளவு ஓரிரு நாளில் அதலபாதாளத்துக்குப் போகும். டோஸைக் கூட்டியும் சரிக்கட்ட முடியாது. வேறு ஆன்டிபயாடிக் அல்லது தற்காலிகமாக வேறு வலிப்பு மருந்துதான் வழி. வலி மாத்திரைகளில் ட்ரமடால் வலிப்பையே தூண்டும். கிரேப்ஃப்ரூட் சாறு கார்பமசெபினை ஏற்றும்.

கருத்தடை மாத்திரை இரண்டு பக்கமும் வெட்டும். நொதி தூண்டிகளும், ஒரு நாளைக்கு 200 மி.கி.க்கு மேற்பட்ட டோபிராமேட்டும் அதைப் பலவீனப்படுத்தி, எதிர்பாராத கர்ப்பத்துக்கு இடம் தரும். அதேசமயம் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை லாமோட்ரிஜின் அளவைப் பாதியாக்கும். மாத்திரை இல்லாத ஏழு நாளில் லாமோட்ரிஜின் திரும்ப ஏறும்; மாதத்தில் ஒரு வாரம் மட்டும் தலைசுற்றுகிறது என்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கே இருக்கும். கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்கு வால்ப்ரோயேட் மிகக் கவனமாக எடுக்க வேண்டிய முடிவு: கருவில் அதற்கு ஆளான குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறையும், பத்தில் மூன்று நான்குக்கு வளர்ச்சிச் சிக்கலும் பதிவாகியிருக்கின்றன. பேச்சு கர்ப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த அன்று பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் வேறொரு ஆபத்து.

நொதி தூண்டிகள் பல ஆண்டு போனால் எலும்பு மெலியும். வைட்டமின் டி அளவு பார்ப்பது, தேவையானால் எலும்பு அடர்த்தி பார்ப்பது வழக்கமான கவனிப்பு.

குறைக்கும்போது

மூன்று மருந்து எடுப்பவருக்கு ஒன்றைக் கழிப்பதால் வலிப்பு கூடாமலே தெளிவு திரும்புவதுண்டு. எதைக் கழிப்பது? வலிப்பில் எந்த மாற்றமும் தராத மருந்து முதல் வேட்பாளர். அடுத்து, மற்றவற்றின் அளவைக் குழப்பும் மருந்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தொட வேண்டும். இரண்டை ஒரே மாதத்தில் மாற்றினால், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் காரணம் தெரியாது.

கார்பமசெபின், ஃபெனிட்டோயின் போன்ற தூண்டியைக் கழிக்கும்போது, அது போன இரண்டு மூன்று வாரத்தில் கூட இருப்பவற்றின் அளவு ஏறத் தொடங்கும். தலைசுற்றல் அப்போது வந்தால் அது நிறுத்தியதன் பின்விளைவு அல்ல. மீதியுள்ள மருந்துக்கு இப்போது அந்த டோஸ் அதிகம். வால்ப்ரோயேட்டைக் கழித்தால் எதிர்த்திசை: லாமோட்ரிஜினை முன்கூட்டியே படிப்படியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும், பெரும்பாலும் இரு மடங்கு வரை.

க்ளோபசாம், ஃபெனோபார்பிட்டால் இரண்டுக்கும் அவசரமே ஆகாது. வாரங்கள் அல்ல, மாதங்கள். பாதி வரை இறங்குவது எளிது. கடைசிக் கால் பங்குதான் வலிப்பையும் தூக்கமின்மையையும் பதற்றத்தையும் கிளப்பும். அங்கே படியை இன்னும் சிறிதாக்கி, ஒவ்வொரு படியிலும் நீண்ட நாள் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, தனியாக நீந்துவது வேண்டாம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கொடுக்கும் அவசர மருந்து, மூக்கில் அடிக்கும் மிடசோலமோ வேறெதுவோ, வீட்டில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.